கீழே விழுந்த பைக்கை வாங்கலாமா? கீறலைப் படித்து முடிவெடுக்கும் முறை

“லைட்டா ஸ்கிட் ஆச்சுங்க, அவ்வளவுதான். எஞ்சின்ல கையே வைக்கல.”

செகண்ட் ஹேண்ட் பைக் தேடி நாலு இடம் ஏறி இறங்கியவர் யாரும் இந்த வசனத்தைக் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது. சில நேரம் அது முழு உண்மை. சில நேரம் சேசிஸ் (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) கோணிப்போன வண்டிக்குப் போர்த்திய போர்வை. இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதுதான் வாங்குகிறவர் வேலை. அதற்கு மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. ஒரு டார்ச், ஒரு சின்னக் காந்தம், ஆறு மீட்டர் நூல், கூட ஒரு ஆள், பகல் வெளிச்சம், ஒரு மணி நேரப் பொறுமை போதும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீறல் தெரிகிற வண்டியைக் கண்டு எனக்குப் பயமில்லை. பழைய வண்டி புதுப் பெயிண்டில் பளபளவென்று நின்றால்தான் பயம். இடது பக்கம் முழுக்கத் தேய்ந்திருந்த ஒரு பல்சர் 150-ஐ வாங்கி ஆறு வருடம் ஓட்டினேன், ஒரு நாளும் வழியில் நிறுத்தியதில்லை. அதற்கு முன்பு வாங்கிய இன்னொரு வண்டியில் ஒரு கீறல்கூடக் கிடையாது. கையைத் தளர்த்தினால் வலப்பக்கம் இழுக்கும், அறுபதைத் தாண்டினால் ஹேண்டில் உதறும். டேங்கைக் கழற்றிப் பார்த்தபோதுதான் சேசிஸின் கழுத்துக்கு, அதாவது ஹேண்டில் வந்து பொருந்தும் இடத்துக்குக் கீழே வெல்டிங் வைத்துப் பெயிண்ட் அடித்திருந்தது தெரிந்தது.

போவதற்கு முன்

வண்டி எண்ணைக் கேட்டு வாங்கி அரசின் எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். பதிவான தேதி, எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் வந்துவிடும். விபத்து வரலாறு வராது. நம் ஊர் ஆர்.சி.யில் “இது அடிபட்ட வண்டி” என்று குறிப்பதே கிடையாது என்பதால் அதை நாமேதான் தோண்ட வேண்டும்.

தோண்ட நல்ல இடம் இன்சூரன்ஸ் பாலிசி. சொந்த சேதத்துக்கும் காப்பீடு எடுத்திருந்தால் அதில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு வரி இருக்கும். ஒரு வருடம் கிளெய்ம் செய்யாவிட்டால் சொந்த சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் கழிவு, பிறகு 25, 35, 45, 50 என்று ஏறும். ஒரு கிளெய்ம் செய்தால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். நாலு வருட வண்டியின் பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றால், போன வருடம் ஏதோ கிளெய்ம் நடந்திருக்கிறது, அல்லது பாலிசி நடுவில் விட்டுப்போயிருக்கிறது. எது என்று கேளுங்கள். கிளெய்ம் என்றால் அந்த பில்லைக் காட்டச் சொல்லுங்கள். இண்டிகேட்டரும் கண்ணாடியும் மாற்றிய பில் வேறு, ஃபோர்க்கும் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) டி-ஸ்டெமும் (அந்தக் குழாய்களைக் கழுத்தோடு இணைக்கும் பாகம்) மாற்றிய பில் வேறு. ஓனரே சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லிப் பழைய ஜாப் கார்டு விவரத்தைக் கேட்கலாம். மறைக்க எதுவும் இல்லாதவர் கேட்டுத் தருவார்.

இன்னொன்று. பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பு என்று கணக்கு முடித்துவிடும். உடைந்த வண்டி கிடைத்த விலைக்குக் கைமாறும். அதை யாராவது ஒட்டுப்போட்டு ஓட வைத்து மறுபடி சந்தைக்குக் கொண்டு வருவது உண்டு. இன்சூரன்ஸில் சில மாதம் ஓட்டை, குறுகிய காலத்தில் இரண்டு பெயர் மாற்றம், பழைய வண்டிக்கு முன்பக்கம் மட்டும் எல்லாம் புதுசு. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் நான் பார்க்கவே போக மாட்டேன்.

போனில் ஒரே ஒரு கேள்வி போதும்: “எப்படிண்ணே விழுந்தது?” எந்த இடம், என்ன வேகம், எந்தப் பக்கம் என்று அவர் சொல்வதை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போனதும் அந்தக் கதையைக் கீறலோடு ஒத்துப் பார்க்கப் போகிறோம்.

விழுந்ததா, மோதியதா

இதுதான் மொத்த விஷயத்துக்கும் அச்சாணி. பக்கவாட்டில் விழுந்து தேய்ந்த வண்டியில் அடி வாங்குவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்புகள். முட்டி மோதிய வண்டியில் அடி முன் சக்கரத்தில் விழுந்து, ஃபோர்க் வழியாக ஏறி, சேசிஸின் கழுத்தில் போய் முடியும். முதலாவதில் போவது அழகு, இரண்டாவதில் போவது வண்டி.

இடது பக்கம் விழுந்தது என்று சொன்னால் வண்டியின் இடது பக்கம் குத்த வைத்து உட்காருங்கள். ஹேண்டில் முனை, கிளட்ச் லீவர் நுனி, கண்ணாடி, முன் இண்டிகேட்டர், லெக் கார்டு, கியர் லீவர் நுனி, ஃபுட் ரெஸ்ட் முனை, சாரி கார்டு, பின் இண்டிகேட்டர். வண்டியைத் தரையில் படுக்க வைத்தால் எதெல்லாம் தரையைத் தொடுமோ அதெல்லாம் இவை. இவற்றில் மட்டும் தேய்மானம் இருந்தால் கதை ஒத்துப்போகிறது. தரையில் படவே முடியாத இடத்தில், உதாரணமாக முன் மட்கார்டின் மூக்கிலோ ஹெட்லைட் டூமின் நடுவிலோ விரிசல் இருந்தால், வண்டி எதிலோ முட்டியிருக்கிறது.

அடுத்து கீறலின் திசை. விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஹேண்டில் முனையில் கோடுகள் எல்லாம் முன்னிருந்து பின்னாக ஒரே திசையில் ஓடினால் வண்டி ஓட்டத்தில் விழுந்து சறுக்கியிருக்கிறது. முனை ஒரு பக்கமாகச் சாய்வாகத் தேய்ந்து, உலோகம் மழுங்கியிருந்தால் நல்ல தூரம் சறுக்கியிருக்கிறது. கோடே இல்லாமல் குத்துக்குத்தாகச் சின்னக் குழிகள் மட்டும் இருந்தால் நின்ற இடத்தில் சாய்ந்தது. சைடு ஸ்டாண்டு சரியாகப் போடாமல் வீட்டு வாசலில் சாய்கிற வண்டிகள் ஏராளம். அந்த ரகம் கிடைத்தால் அதிர்ஷ்டம், விலையில் தள்ளுபடி கிடைக்கும், உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது.

இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தால்? இரண்டு தடவை விழுந்திருக்கலாம், அல்லது ஒரே தடவையில் உருண்டிருக்கலாம். ஒரு பக்கத்துக் கீறல் துருவேறிப் பழசாகவும் மறுபக்கம் புதிதாகவும் இருந்தால் இரண்டு தடவை. இரண்டும் ஒரே வயதாகத் தெரிந்து, சீட்டின் மேலோ ஸ்பீடோமீட்டர் கண்ணாடியின் மேலோ தேய்மானம் இருந்தால் உருண்ட வண்டி. அதை விட்டுவிடுவது நல்லது.

முன் சக்கரத்திலிருந்து கழுத்து வரை

ஒரு மணி நேரத்தில் பாதியை இங்கே செலவழியுங்கள்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஹேண்டிலை நேராக வைத்து, பத்தடி முன்னால் போய் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு ஃபோர்க் பைப்பும் ஒன்றுக்கொன்று இணையாக இறங்குகின்றனவா? பிறகு பக்கவாட்டில் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பைப் இன்னொன்றை முழுதாக மறைக்கும்படி நில்லுங்கள். நேராக இருந்தால் மேலிருந்து கீழ்வரை மறையும். கீழே மட்டும் ஒன்று எட்டிப் பார்த்தால் ஒன்று வளைந்திருக்கிறது, அல்லது இரண்டும் முறுக்கிக்கொண்டிருக்கின்றன.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பணம். பக்கவாட்டில் விழுந்த வண்டியில் பெரும்பாலும் நடப்பது முறுக்கல்தான்: சக்கரம் நேராக இருக்கும், ஹேண்டில் மட்டும் ஒரு பக்கம் பார்க்கும். மெக்கானிக் முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை ஒரு வெட்டு வெட்டி நேராக்குவதைப் பார்த்திருப்பீர்கள். டி-ஸ்டெம் போல்ட்டையும் ஆக்ஸிலையும் தளர்த்தி, நேராக்கி, மறுபடி முடுக்கினால் முடிந்தது, அரை மணி நேர வேலை. பைப்பே வளைந்திருந்தால் பைப் மாற்ற வேண்டும். பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தருகிறேன் என்பார்கள். சின்ன வளைவுக்கு அது ஓடத்தான் செய்கிறது. ஆனால் பிரேக் அடிக்கும்போதெல்லாம் மொத்த பாரமும் வந்து விழுகிற இடம் அது. புது பைப்பின் விலையைக் கணக்கில் எழுதிக்கொள்வதே என் வழக்கம்.

வளைவு எங்கே தெரியும் என்றால், டி-ஸ்டெமின் கீழ்ப் பிடிக்கு ஒட்டினாற்போலக் கீழே. அங்கே டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். குரோம் பூச்சில் முடிபோல ஒரு விரிசலோ, வெளிச்சக் கோடு நெளிந்து போவதோ தெரிந்தால் பைப் மடங்கியிருக்கிறது. அப்புறம் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை நாலு தடவை அழுத்துங்கள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கி ஏற வேண்டும். நடுவில் தட்டினாலோ பிடித்து விட்டாலோ உள்ளே உராய்கிறது. ஒரு பக்க ஆயில் சீல் மட்டும் கசிந்து மற்றது காய்ந்திருந்தால் அதுவும் ஒரு தகவல்.

இனி கழுத்து. ஹேண்டிலை இடமும் வலமும் முழுக்க ஒடித்தால் ஓரிடத்தில் முட்டி நிற்கும் அல்லவா? அங்கே சேசிஸில் ஒரு இரும்புக் குமிழ் இருக்கும். பலமாக மோதிய வண்டியில் ஹேண்டில் வெறியோடு திரும்பி அந்தக் குமிழை நசுக்கியிருக்கும் அல்லது உடைத்திருக்கும். அதைப் புதுப்பிக்க யாருக்கும் தோன்றுவதில்லை, அதனால் பொய் சொல்லத் தெரியாத சாட்சி அது. ஹேண்டிலை முழுக்க ஒடித்தால் டேங்கில் இடிக்கிறதா, டேங்கின் முன் ஓரத்தில் அதற்குப் பொருத்தமான ஒரு நசுங்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குமிழுக்குப் பின்னால், கழுத்திலிருந்து கீழே இறங்கும் குழாயின் அடிப்புறத்தில் பெயிண்ட் சுருங்கியிருக்கிறதா, செதில்செதிலாக உரிந்திருக்கிறதா? குழாயைத் தடவினால் ஓரிடத்தில் வீங்கினாற்போல இருக்கிறதா? இரும்பு மடங்கும்போது பெயிண்ட் அதோடு சேர்ந்து மடங்காது, உடையும். பல வண்டிகளில் சேசிஸ் எண்ணும் இந்தக் கழுத்தில்தான் குத்தியிருக்கும். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தாலும், எண்கள் வரிசை தப்பியிருந்தாலும், பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டு கிளம்புங்கள். அது விபத்து சமாச்சாரத்தைத் தாண்டி போலீஸ் சமாச்சாரமாகிவிடும்.

முன் டயருக்கும் எஞ்சினுக்கும் (அல்லது முன் குழாய்க்கும்) நடுவே உள்ள இடைவெளியும் முக்கியம். மோதிய வண்டியில் சக்கரம் பின்னால் தள்ளப்பட்டு இடைவெளி குறைந்திருக்கும். எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரியாவிட்டால் அதே மாடல் வண்டி ஒன்றைத் தேடி அளந்து பாருங்கள். ஸ்பிளெண்டர் என்றால் தெருவுக்குப் பத்து நிற்கும்.

கடைசியாக, கூட வந்தவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை விரல் நுனியால் மெதுவாக இரு பக்கமும் திருப்புங்கள். நேர் நிலையில் வரும்போது ‘க்ளிக்’ என்று பள்ளத்தில் விழுவது போல நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பக் கழுத்துக்குள் இருக்கும் பேரிங்) போய்விட்டது. இது குழிச் சாலையிலும் போகும், மோதலிலும் போகும். தனியாக இருந்தால் சின்னச் செலவு, மேலே சொன்ன மற்ற அடையாளங்களோடு சேர்ந்து இருந்தால் சாட்சி நம்பர் இரண்டு. சக்கரத்தைச் சுற்றியும் விடுங்கள். ஸ்போக் வீலில் கோட்டம் இருந்தால் எடுத்துவிடலாம். அலாயில் விரிசல் இருந்தால் வெல்டிங் வைக்கச் சம்மதிக்காதீர்கள், மாற்றத்தான் வேண்டும்.

நூல் பிடித்துப் பார்ப்பது

சுவர் நேராக இருக்கிறதா என்று கொத்தனார் பார்ப்பது போலத்தான். நூலைப் பின் டயரின் பின்புறம் சுற்றி, இரண்டு முனையையும் இரு பக்கமாக முன்னால் கொண்டு போங்கள். ஸ்டாண்டில் படாமல், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவில். நூல் பின் டயரின் முன் விளிம்பையும் லேசாகத் தொட்டபடி போக வேண்டும். இப்போது முன் டயரின் இரு பக்கமும் நூலுக்கும் ரப்பருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். முன் டயர் பொதுவாக ஒல்லி என்பதால் இரு பக்கமும் கொஞ்சம் இடைவெளி இருக்கும், இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் விரல் நுழைந்தால் சக்கரங்கள் ஒரே கோட்டில் இல்லை.

அவசரப்பட்டு சேசிஸ் மேல் பழி போட வேண்டாம். செயின் டைட் வைக்கும்போது ஒரு பக்கம் கூடுதலாக இழுத்திருந்தாலும் இப்படிக் காட்டும். ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) இரு பக்கமும் உள்ள கோடுகள் ஒரே எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாவிட்டால் சரிசெய்து மறுபடி நூல் பிடியுங்கள். அதற்குப் பிறகும் கோணினால் அது நிஜக் கோணல். இந்தச் சோதனையை ஓனர் முன்னால் செய்யும்போது அவர் முகத்தையும் கவனியுங்கள். சிலர் ஆர்வமாக நூலைப் பிடித்துக்கொள்வார்கள். சிலருக்குத் திடீரென்று வேறொரு பார்ட்டி வருகிற நேரமாகிவிடும்.

புதுப் பெயிண்ட், புது பிளாஸ்டிக்

டேங்க் இரும்பு என்றால் காந்தத்தை ஒரு துணியில் சுற்றி அதன் மேல் நகர்த்துங்கள். எங்கே பிடி தளர்கிறதோ அங்கே பெயிண்டுக்குக் கீழே பட்டி (நசுங்கலை நிரப்பப் பூசும் பசை) இருக்கிறது. கொஞ்சம் பட்டி பெரிய குற்றமில்லை. மறைத்ததைச் சொன்னாரா, சொல்லவில்லையா என்பதே கேள்வி.

பிளாஸ்டிக் பாகங்களில் பலருக்குத் தெரியாத ஒரு குறிப்பு உண்டு. சைடு பேனலைக் கழற்றி உட்புறம் பார்த்தால், பல வண்டிகளில் ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சின்னதாகக் கடிகாரம் போல ஒரு வட்டம் அச்சாகியிருக்கும். சுற்றிலும் 1 முதல் 12 வரை மாதங்கள், நடுவில் ஒரு அம்பு, அம்பின் இரு பக்கமும் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம். வண்டி 2019, பேனல் 2022 என்றால் அது மாற்றிய பேனல். டயரிலும் இப்படித்தான்: பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பின் டயர் பழசாக இருக்க, முன் டயரும் முன் ரிம்மும் மட்டும் புதுசு என்றால் ஏன் என்று கேளுங்கள். பொதுவாக முதலில் தேய்வது பின் டயர்.

போல்ட் தலைகளையும் பாருங்கள். ஃபோர்க், டி-ஸ்டெம், எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட வடு இருந்தால் கழற்றியிருக்கிறார்கள். லெக் கார்டு கிளாம்ப் பிடித்திருக்கும் குழாயையும் மறக்க வேண்டாம். விழும்போது லெக் கார்டு காலைக் காப்பாற்றிவிட்டு, வாங்கிய அடியைத் தான் பிடித்திருக்கும் குழாயில் இறக்கி வைத்திருக்கலாம்.

எஞ்சின் பக்கமும் மற்றதும்

எஞ்சின் கவரில் தேய்மானம் இருப்பது பிரச்சினை இல்லை. தேய்ந்து ஓட்டையாகி எம்-சீல் வைத்து அடைத்திருந்தால் பிரச்சினை. அடியில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு எஞ்சினைக் கால் மணி நேரம் ஓட விடுங்கள், சொட்டினால் தெரியும். கியர் லீவர் உள்பக்கமாக வளைந்து கவரில் முட்டுகிறதா, அது நுழையும் ஷாஃப்டில் ஆயில் கசிகிறதா? லீவர் வளைவது சில நூறு ரூபாய், ஷாஃப்ட் வளைந்தால் எஞ்சின் பிரிக்கிற வேலை. வலது பக்கம் விழுந்த வண்டி என்றால் பிரேக் பெடலும், கிக்கர் இருந்தால் கிக்கரும், பெரும்பாலான வண்டிகளில் சைலன்ஸரும் அந்தப் பக்கம்தான். ரேடியேட்டர் உள்ள வண்டியில் முன் டயர் வந்து அதில் இடித்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பின்னால் நின்று சீட்டும் டயரும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா, சீட் பூட்டு முரண்டு பிடிக்காமல் திறக்கிறதா, ஆள் உட்கார்ந்தால் பின் மட்கார்டு டயரில் உரசுகிறதா என்றும் ஒரு பார்வை. பின்பாதிச் சட்டம் போல்ட்டில் கழற்றக்கூடிய மாடல் என்றால் வளைந்தாலும் மாற்றலாம். சேசிஸோடு சேர்த்து வெல்டிங் செய்தது என்றால் விடுங்கள்.

125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். சாவி போட்டதும் ஏ.பி.எஸ். விளக்கு எரிய வேண்டும், வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் சென்சார் அடிபட்டிருக்கலாம். எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கை முடக்கியிருக்கலாம், அது இன்னும் மோசம்.

ஓட்டிப் பார்ப்பது

இதற்கு முன்பே இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆள் இல்லாத நேர் சாலையில் முப்பது, நாற்பதில் பிடியைத் தளர்த்துங்கள். கையை எடுக்க வேண்டாம், விரல்கள் ஹேண்டிலில் சும்மா படிந்திருந்தால் போதும். ஒரே பக்கமாகப் போகிறதா? சாலையின் சாய்வு காரணமாக இருக்கலாம், அதனால் எதிர்த்திசையிலும் ஓட்டிப் பாருங்கள். இரு திசையிலும் ஒரே பக்கம் இழுத்தால் சேசிஸோ ஃபோர்க்கோ பேசுகிறது. முன் பிரேக்கை மெதுவாகப் பிடித்தால் லீவர் விரலில் துடிக்கிறதா? டிஸ்க் வளைந்திருக்கிறது. அறுபதில் உதறுகிறதா? ஸ்பீடு பிரேக்கரில் ‘டொக்’ என்கிறதா? நிறுத்தியதும் அந்தந்த இடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பேரம் தொடங்கினால் பாதி மறந்துவிடும்.

எந்த வண்டி என்பதும் கணக்கு

ஒரே மாதிரி விழுந்தாலும் ஸ்பிளெண்டருக்கும் யமஹா ஆர்15-க்கும் ஒரே செலவு இல்லை. முதலாவதில் கண்ணாடி, இண்டிகேட்டர், லீவர், ஃபுட் ரெஸ்ட் என்று மூலைக்கடை ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே முடிந்துவிடும். ஆர்15 மாதிரி ஃபேரிங் (முன்னும் பக்கமும் மூடிய பிளாஸ்டிக் உறை) உள்ள வண்டி நின்ற இடத்தில் சாய்ந்தாலே பக்கப் பலகை உடையும், அதைப் பிடித்திருக்கும் காதுகள் உடையும், ஸ்டிக்கரோடு புதுப் பலகை வாங்கப் போனால் தலை சுற்றும். அப்படிப்பட்ட வண்டியில் “பிளாஸ்டிக் மட்டும்தான் உடைஞ்சிருக்கு” என்பது ஆறுதல் இல்லை. கிளாசிக் 350 போல டேங்கும் மட்கார்டும் இரும்பான வண்டியில் உடைவதற்குப் பதில் நசுங்கும். டிங்கர் வேலையும் பெயிண்டும் நல்ல கையாக அமைய வேண்டும்.

சென்னைக்காரர்கள் புதுப்பேட்டை, அதாவது பழைய வண்டி உதிரிபாகச் சந்தை என்று ஒரு வழி சொல்வார்கள். பழைய பாகம் அங்கே மலிவு, உண்மைதான். பேனல், கைப்பிடி மாதிரி வாங்கலாம். ஃபோர்க், சக்கரம், பிரேக் மாதிரி உயிர் தாங்கும் பாகங்களை, அது எந்த வண்டி எப்படி அடிபட்டதால் அங்கே வந்தது என்று தெரியாமல் நான் வாங்குவதில்லை.

விலை போடுவது

அடிபடாத அதே வருட, அதே மாடல் வண்டி உங்கள் ஊரில் 65,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கீறல் விழுந்த இந்த வண்டிக்கு 58,000 கேட்கிறார். நீங்கள் குறித்து வைத்த பட்டியலோடு ஸ்பேர் கவுண்டருக்குப் போய் ஒவ்வொன்றுக்கும் ஒரிஜினல் விலை கேளுங்கள். மாற்றப் போவதில்லை என்று நினைக்கிற பாகத்துக்கும் கேளுங்கள். பாகமும் கூலியும் சேர்ந்து 9,500 வருகிறது என்றால் 55,500-க்கு வந்துவிட்டோம். அங்கேயே நிறுத்திக் கை குலுக்குவதுதான் பெரும்பாலானவர் செய்யும் தவறு. அப்படி வாங்கினால் அலைச்சல் உங்களுக்கு, லாபம் ஒன்றுமில்லை. பேசாமல் நல்ல வண்டியையே வாங்கியிருக்கலாம்.

இன்னும் இரண்டு கழிக்க வேண்டும். பிரித்த பிறகு வெளிப்படும் செலவுக்கு ஒரு தொகை, பாகச் செலவில் மூன்றில் ஒரு பங்கு என்று நான் வைப்பது வழக்கம். அப்புறம், நாளைக்கு நீங்கள் விற்கும்போது உங்களையும் ஒருவர் இதே சந்தேகக் கண்ணோடு பார்ப்பார், அதற்கு ஒரு தொகை. ஆக ஐம்பதாயிரத்தை ஒட்டி வந்தால்தான் இந்த வண்டி லாபம். பேரத்தில் வண்டியைக் குறை சொல்ல வேண்டாம், பட்டியலைக் கையில் கொடுங்கள். “அண்ணே, நீங்களே கூட்டிப் பாருங்க” என்றால் சண்டை வராது. பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைகளில் இது அவ்வளவாக எடுபடாது, அவர்கள் நம்மை விட நன்றாகக் கூட்டுவார்கள். நேரடி ஓனரிடம் எடுபடும்.

புதிதாக ஓட்டிப் பழகுகிறவருக்கும், ஐந்து வருடம் ஆபீஸ் போய்வர ஓட்டித் தேய்க்கப் போகிறவருக்கும் கீறல் வண்டி நல்ல பேரம். இரண்டு வருடத்தில் விற்கும் பழக்கம் உள்ளவருக்கு இல்லை. வீட்டில் பெரியவர்கள் “அடிபட்ட வண்டி ஆகாது” என்று சொன்னால், நியாயம் பேசி ஜெயித்துவிடலாம்தான். ஆனால் நீங்கள் வீடு திரும்பக் கால் மணி நேரம் தாமதமானாலும் அம்மா வாசலில் நிற்பார். அதற்கு எவ்வளவு கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பேப்பர்

விபத்தில் யாருக்காவது அடிபட்டதா, போலீஸ் கேஸ் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேஸில் பிடிபட்ட வண்டியை நீதிமன்றம் விடுவிக்கும்போது விற்கக்கூடாது, உருமாற்றக்கூடாது என்று நிபந்தனை போடுவது வழக்கம். அப்படிப்பட்ட வண்டி எவ்வளவு மலிவானாலும் கேஸ் முடியாமல் தொடாதீர்கள்.

மற்றபடி எல்லா செகண்ட் ஹேண்ட் வண்டிக்கும் உள்ளதுதான். படிவம் 29, 30, ஃபைனான்ஸ் இருந்தால் படிவம் 35, வேறு மாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும். பாக்கி அபராதம் இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் பார்த்துவிடுங்கள், இருந்தால் விற்பவர் கட்டட்டும். பெயிண்ட் மாற்றியிருந்தால் ஆர்.சி.யில் உள்ள நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

“இன்சூரன்ஸ் இருக்கு” என்பதில் ஒரு பிடி உண்டு. 2018 செப்டம்பருக்குப் பிறகு விற்ற புது டூவீலர்களுக்கு ஐந்து வருட மூன்றாம் தரப்புக் காப்பீடு சேர்ந்தே வருகிறது. அது நடப்பில் இருக்கலாம், சொந்த சேதக் காப்பீடு முதல் வருடத்தோடு முடிந்திருக்கலாம். புதிதாக எடுக்கப் போனால் வண்டியைப் பார்வையிட்டு, ஏற்கெனவே உள்ள சேதத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பணம் கிடையாது என்பார்கள். ஆகவே பழுது பார்க்க நினைத்ததை முதலில் பார்த்துவிட்டுப் பாலிசி எடுங்கள். நடப்புப் பாலிசி இருந்தால் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

டெலிவரி எடுக்கும்போது தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எந்தெந்த இடத்தில் கீறல் இருக்கிறது என்றும் இரண்டு வரி சேர்த்து, நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்

நேராக உங்கள் மெக்கானிக்கிடம் விடுங்கள். ஃபோர்க் ஆயில், சீல், கோன் செட், பிரேக் ஆயில், வளைந்த லீவர்கள் முதலில். வளைந்த லீவரை நிமிர்த்தி ஓட்டாதீர்கள், ஒரு நாள் அவசரமாகப் பிடிக்கும்போது அந்த இடத்தில்தான் ஒடியும். இரும்பு வெளியே தெரிகிற இடங்களில் மட்டும் டச்சப் அடித்துவிடுங்கள், கடற்கரை ஊர் என்றால் தள்ளிப்போடாமல் அந்த வாரமே. இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் டி-ஸ்டெம், ஆக்ஸில், ஹேண்டில் போல்ட்டுகளை ஒருமுறை முடுக்கிப் பார்க்கச் சொல்லி, இன்னொரு தடவை நூல் பிடியுங்கள்.

பேனல் கீறலை நான் அப்படியே விட்டுவிட்டேன். கடைத்தெருவில் நிறுத்திவிட்டுப் போனால் பல்சர் வரிசையில் நம் வண்டியைக் கண்டுபிடிக்க வசதியாக இருந்தது.